எட்வின் சாரின் மப்ளரும் என் வாயும்

பொறாமையைப் பற்றி எல்லோரும் கெட்டதாகவே பேசுகிறார்கள். அது செய்கிற நல்லதை யாரும் சொல்வதில்லை. அலாரம் வைத்தும் எழாத என்னை விடியும் முன் எழுப்பி உட்கார வைத்தது பொறாமை. நாக்கைச் சுழற்றி உச்சரிப்புப் பயிற்சி செய்ய வைத்தது. ஐஸ் தண்ணீரை விட்டுவிட்டு வெந்நீர் குடிக்க வைத்தது. (எட்வின் சார் குடிக்கிறாரே, நான் குடித்தால் என்ன?) கடைசியில் மதுரையின் டீக்கடைகளில் எல்லாம் என் பெயரைத் தெரிய வைத்ததும் அதே பொறாமைதான். எப்படித் தெரிய வைத்தது என்பதில்தான் கொஞ்சம் சிக்கல்.

எங்கள் வீடு எழுமலையில். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோருக்கும் விவசாயம். மிச்சமிருக்கும் மாமன்மாருக்கு உரக்கடை. அந்தக் கூட்டத்தில் மதுரைக்கு வந்து மிஷன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான் ஒருத்திதான். டீச்சராவேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் ஒரு சின்ன எஃப்எம் வானொலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே எனக்குக் கிடைத்தது மத்தியான நிகழ்ச்சி. ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். என் நேயர்கள் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்கள், ஒரு ஜெராக்ஸ் கடை, அப்புறம் எங்கள் அம்மா. எழுமலையில் எங்கள் வானொலி சரியாக எடுக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் கரகரவென்று கேட்கும். அம்மா உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே நின்று என்னைக் கேட்பாள். இதைவிட ஒரு கலைஞருக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குக் காலை நிகழ்ச்சி வேண்டும்.

காலை நிகழ்ச்சி என்பது வேறு உலகம். இட்லிக் கடை கேட்கும், மினிபஸ் கேட்கும், முகத்தில் பாதி நுரையோடு சலூனில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். அதை நடத்திக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனதும், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். விடுதிக் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தினமும் ஒத்திகை. (வெளியே துண்டோடு காத்திருந்தவர்கள் வார்டனிடம் புகார் கொடுத்தார்கள். வளர்கிற நேரத்தில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.)

அப்போதுதான் எங்கள் மேனேஜர் சபாபதி சார் ஒருவரை அழைத்து வந்தார். உயரமான ஆள். ஐம்பதைத் தாண்டிய வயது. வெளியே தார் ரோடு இளகுகிற வெயில். அவர் கழுத்தில் கம்பளி மப்ளர்.

"இவர்தான் எட்வின் சார். நம்ம ஊர்க்காரர். ஜெர்மனியில ஓபரா பாடினவர். இனிமே நம்ம ஸ்டேஷன்" என்றார் மேனேஜர், தானே பெற்று வளர்த்த மாதிரி.

ஓபரா நம் ஊர்க் கூத்துக்குப் பங்காளி. கதையைப் பாடிக்கொண்டே நடிப்பார்கள். ஆனால் மைக் கிடையாது. பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வெறும் தொண்டையால் பாட வேண்டும். அதுவும் சும்மா இல்லை. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் ஒரு படையே உட்கார்ந்து வயலினும் மேளமும் வாசித்துக்கொண்டிருக்கும், அதையும் தாண்டிக் கேட்க வேண்டும். எட்வின் சார் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். சர்ச் பாடகர் குழுவில் தொடங்கி, சென்னையில் கற்று, ஜெர்மனி போய்ச் சேர்ந்து, வயதானதும் அவர்கள் போதும் என்று சொல்லிவிட, ஊருக்குத் திரும்பியிருந்தார். ஒரு கல்யாணத்தில் அவர் பைபிள் வாசித்ததைக் கேட்ட சபாபதி சார், பந்தியில் பிரியாணி வருவதற்குள் வேலையைக் கொடுத்துவிட்டார்.

சோதனையாகச் சில நாள் காலை நிகழ்ச்சியை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் செய்ததெல்லாம், தான் பாடிய கதைகளை மதுரைப் பேச்சில் சொன்னதுதான். "அந்தப் பொம்பளைக்கு மார்ல கத்தி இறங்கிருச்சு. நம்ம ஊரா இருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம். அங்க என்ன பண்றாய்ங்க, சுத்தி நின்னு அவளைப் பாடவிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காய்ங்க." இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டில் ரெண்டு வரி பாடுவார். அவ்வளவுதான். ஸ்டேஷன் போன் ஓயவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது எரிச்சலுக்கு அவமரியாதை. அவருக்கு ஏசி ஆகாது என்று ஸ்டூடியோவில் ஏசியை நிறுத்தினார்கள். அவர் முடித்துவிட்டுப் போன பிறகும் அறை முழுக்க நீலகிரித் தைல வாசனை. மத்தியானம் நான் போய் உட்கார்ந்தால் ஜலதோஷம் பிடித்தவர் போர்வைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். வராந்தாவில் உதட்டைச் சேர்த்துக் குதிரை மாதிரி 'பிர்ர்ர்' என்று பயிற்சி செய்வார். அதை நான் செய்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் செய்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார். மைக்குக்கு ஒரு கை தூரம் தள்ளி நின்றுதான் பேசுவார், பாடுவார். பக்கத்தில் வந்தால் சத்தத்தை அளக்கும் மீட்டரின் முள் சிவப்பில் போய் முட்டிக்கொள்ளுமாம். எங்கள் ஒலிப்பதிவாளர் பாண்டி அண்ணன் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். "அவுகளுக்கு மைக்கே ஒரு மரியாதைக்குத்தான் தங்கச்சி வச்சிருக்கு" என்று என்னிடமே சொன்னார்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு நாள் அம்மா போன் பண்ணினாள்.

"கார்த்தி, அந்தச் சாரு பேசினா எம்புட்டு நல்லா இருக்கு தெரியுமா. வெண்ணெய்ய உருக்கி ஊத்தின மாதிரி."

"நான் பேசினா?"

"நீ நான் பெத்த பிள்ளை. உன்னைய எப்படியும் கேட்டுத்தானே ஆகணும்."

விசாரித்ததில் தெரிந்தது, அம்மா இப்போதெல்லாம் காலையிலேயே மாடி ஏறிவிடுகிறாளாம். மத்தியானம் ஏறுவதில்லை. வெயிலாக இருக்கிறதாம். இத்தனை நாள் அங்கே நிலவா காய்ந்துகொண்டிருந்தது?

நான் நேராக மேனேஜர் அறைக்குப் போய், காலை நிகழ்ச்சிக்கு நானும் தகுதியானவள் என்று முழங்கினேன். சபாபதி சார் யாரையும் மனம் நோகவைக்கத் தெரியாதவர். அதனால் எல்லோரையும் மோதவிட்டுவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய் ஒரு நேரடி ஒலிபரப்பு செய்வது, மக்கள் யார் பக்கம் சாய்கிறார்களோ அவர்களுக்குக் காலை நிகழ்ச்சி என்று தீர்ப்பானது. எந்த இடம் என்று முடிவு செய்வதை எட்வின் சார் பெருந்தன்மையாக என்னிடமே விட்டார். பெருந்தன்மை என்றால் எனக்கு இன்னும் எரியும்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மைக்குக்குத் தள்ளி நிற்கிற ஆளை எப்படி வீழ்த்துவது? சத்தமான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் மைக்கை வாயில் திணித்துக்கொண்டு பேசுவேன், என் குரல் தெளிவாகப் போகும். அவர் தள்ளி நின்று பாடப் பாட, சுற்றியிருக்கும் சத்தம்தான் அந்த மைக்கில் ஏறும். அப்படி நினைத்த மாத்திரத்தில் எனக்கு நினைவுக்கு வந்த இடம் செல்லூர்.

செல்லூரில் சந்துக்குச் சந்து விசைத்தறி. ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடினால், இடி இடித்தாலும் மழை வந்த பிறகுதான் தெரியும். "உழைக்கும் மக்களோடு ஒரு காலை" என்று தலைப்பெல்லாம் வைத்து மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. நானும் கொஞ்சம் கலங்கிக் காட்டினேன்.

அந்தக் காலை எல்லாம் என் கணக்குப்படியே தொடங்கியது. தகரக் கூரை போட்ட தறிக்கூடம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தறிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். தறி முதலாளி, ஆர்டர் நெருக்குவதால் தறியை நிறுத்த முடியாது, ஓடஓடவே நடத்திக்கொள்ளுங்கள் என்று பாண்டி அண்ணனின் காதுக்குள் கத்தினார். "ஒம்பது மணிக்கு மேல எப்படியும்..." என்று வேறு ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. சத்தம் அவ்வளவு அருமையாக இருந்தது.

நான் மைக்கைக் கடிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து சபாபதி சார் என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், உன் குரல் நல்லா வருது என்றார். பிறகு எட்வின் சார் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, தன் மைக்கிலிருந்து வழக்கமான ஒரு கை தூரம் தள்ளி நின்று, வாயைத் திறந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. தடதடவென்று தறி மட்டும்தான். கைகள் விரிகின்றன, புருவம் ஏறுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. வாழ்க்கையில் நான் ரசித்துக் கேட்ட ஓபரா அது ஒன்றுதான்.

சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. என் மைக்கை அணைத்தேன். (இதில் நான் கெட்டிக்காரி. ரெண்டு முறை சரிபார்த்தேன்.) முதுகுக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அவரைப் பார்த்தபடியே வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். இந்தச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. யாருக்குக் கேட்கப் போகிறது? வர்ணனையாளர் மாதிரி, முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்போடு, நிறுத்தி நிதானமாகப் பேசினேன். ஒன்றை விடவில்லை. மப்ளரைச் சொன்னேன், தைலத்தைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன்.

எதிர்வரிசையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த முத்துலட்சுமி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். சரி, நம் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு என்று நினைத்தேன். அவர் பக்கத்துத் தறிப் பெண்ணைப் பார்த்து என்னவோ வாயசைத்தார். அவளும் சிரித்தாள். அவள் அடுத்தவளுக்கு, அவள் அடுத்தவளுக்கு என்று சிரிப்பு அந்தக் கோடி வரை போய், வளைந்து, எதிர்வரிசை வழியாகத் திரும்பி வந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கூட்டம் மொத்தமும் என் பக்கம் சாய்ந்துவிட்டது, இது அவருடைய பாட்டைப் பார்த்து வருகிற சிரிப்பு என்று எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோயிற்று. இன்னும் கொஞ்சம் பேசினேன்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மாதாந்திரப் பராமரிப்பு. செல்லூர் சுற்றுவட்டாரத்தில் காலை ஒன்பது மணி முதல் மின்தடை. முதலாளி சொல்ல வந்தது அதைத்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். முந்தின நாள் எங்கள் வானொலியில் அந்த அறிவிப்பை வாசித்ததே நான்தான். வாசிக்கும்போது என் உச்சரிப்பில் கவனமாக இருந்தேன். என்ன வாசித்தேன் என்பதைக் கவனிக்கவில்லை.

தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. எட்வின் சார் அப்போது பாட்டின் கடைசி வரியில் இருந்தார். அந்த அமைதிக்குள் அவர் குரல் வந்து இறங்கியதை நான் எப்படிச் சொல்வேன்? மைக்கே வேண்டியிருக்கவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. சந்தில் பால்கேன் கட்டிய டிவிஎஸ் நின்றது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பாட்டு முடிந்தது. பாண்டி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைதட்டல். நானும் தட்டினேன். எரிகிற சொந்த வீட்டுக்கு முன்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் அந்த உணர்வு உங்களுக்குப் புரியும்.

ஒலிபரப்புக் கருவி பேட்டரியில் ஓடியது. நேரடி ஒலிபரப்பு இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. மக்களிடம் பேசு என்றார் சபாபதி சார் ஹெட்போனில். தோற்கிற ஆட்டத்தை இழுத்துப் பிடிக்க ஒரே வழி, தறிச் சத்தத்தில் பாட்டு கேட்கவே இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். மைக்கைப் போட்டுக்கொண்டு, என் பக்கம் சாய்ந்துவிட்ட முத்துலட்சுமி அக்காவிடம் போய் நீட்டினேன்.

"அக்கா, இவ்வளவு நேரம் சார் பாடினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எங்கிட்டுக் கேக்கும். நீ பேசினதுதான் பாப்பா நல்லாத் தெரிஞ்சுச்சு."

"நான் பேசவே இல்லையேக்கா."

"பேசினியே. கண்ணாடித் தொட்டிக்குள்ள கெண்டை மீனு வாயத் தொறக்குற மாதிரியே இருக்குன்னியே."

கூடமே வெடித்தது. அக்கா விளக்கமாகச் சொன்னார்: "தறிக்காரி காதை நம்பியா பொழைக்கிறா? எல்லாம் வாயப் பாத்துத்தான். எம் மாமியா அந்தக் கோடியில நின்னு என்னைய வஞ்சாக்கூட இங்கன இருந்து எனக்குத் தெரியும்."

அந்தக் கோடியில் நின்ற மாமியார், நான் எங்கடி வஞ்சேன் என்றார். அது தனிச் சண்டையாகப் போயிருக்கும். ஆனால் மற்ற பெண்களுக்கு மைக்கைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. தொண்டைக்குள்ள தங்கமா வச்சிருக்காரு மப்ளர் போட்டு மூட, என்று நான் கேட்டதை ஒருத்தி சொன்னாள். இந்தத் தறிக்கூடத்தைப் பிடிச்சதே இவரு குரல் அமுங்கணும்னுதான், என்று நான் சொன்னதை இன்னொருத்தி, என் முகபாவத்தோடு, நடித்தே காட்டினாள். எங்க அம்மாவையே மயக்கிட்டாரு என்பதை மூன்று பேர் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மைக்கை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "எடுக்காத, எடுக்காத, அப்படியே பிடி" என்று சபாபதி சார் என் காதுக்குள் கெஞ்சினார். யாரையும் மனம் நோகவைக்காத மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரே நம்பிக்கை எட்வின் சார். அவர் கோபப்பட்டுத் திட்டினால் நான் அழுதுவிடலாம். அழுதால் கொஞ்சம் அனுதாபம் தேறும். அவரோ தன் மைக்கைக் கையில் எடுத்து, கையை நீட்டி, அப்போதும் அதே தூரத்தில் பிடித்துக்கொண்டார்.

"நீலகிரித் தைலத்த யாருமே சொல்லலையே. ஜலதோஷம் வந்த யானை படுத்துக் கிடந்த அறை மாதிரி இருக்குன்னு சொன்னாங்களே."

பாடிக்கொண்டிருந்தபோதே அவரும் முழுவதையும் படித்திருக்கிறார். ஓபரா மேடைக்கு முன்பக்கம், பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் பொந்து இருக்குமாம். அதற்குள் ஓர் அம்மா உட்கார்ந்து, பாடுகிறவர்கள் மறந்துபோகும் வரியை வாயசைத்து எடுத்துக் கொடுப்பாராம். வாத்திய இரைச்சலில் அது காதில் விழாது. வாயைப் பார்த்தேதான் பிடிக்க வேண்டும். இதை நேயர்களுக்கு ஆற அமரச் சொல்லிவிட்டு, எட்வின் சார் தன்பாட்டுக்குச் சிரித்தார்.

"நான் பெரிய பாடகன்னு சபாபதி சார் சொல்லிட்டாரு. உண்மை அது இல்ல. பின்னால கும்பலா நின்னு பாடுவாங்கல்ல, அதுல ஒருத்தன். முன்னால ஒருத்தன் தனியா நின்னு பாடுவான். அவன் முதுகப் பாத்து நான் திட்டாத திட்டு கிடையாது. இவ்வளவு வாத்தியச் சத்தத்துல யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். பொந்துக்குள்ள இருந்த அந்த அம்மா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. நான் ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் கையப் பிடிச்சுக்கிட்டு, உன் வசனத்துக்காகவே வேலைக்கு வந்தேன்னு சொல்லுச்சு."

செல்லூர் கைதட்டியது. முத்துலட்சுமி அக்காவின் மாமியார்கூடத் தட்டினார். நான் அங்கே நின்றேன், பொறாமைப்படுவதிலும் அவர் எனக்கு சீனியர் என்று தெரிந்துகொண்டு. நான் பட்ட பொறாமைக்குக் கிடைத்தது கேவலம். அவர் பட்ட பொறாமைக்குக் கைதட்டல். அதையும் ஒரு கை தூரத்திலிருந்தே சொல்லி வாங்கிவிட்டார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு, அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஒத்திகைதான்.

வேனில் ஏறியதும் அம்மா போன். என் பெரிய நிகழ்ச்சி என்பதால் தெருப் பெண்கள் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டு, காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். "நான் மயங்கினேன்னு ரேடியோவுலயா சொல்லுவ. உங்கப்பா துண்ட உதறிப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. சாப்பிட வருவாரான்னு தெரியல" என்றாள். வந்தாராம். ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை அவளோடு பேசவில்லையாம். அதன் பிறகு அவரும் காலையில் மாடி ஏற ஆரம்பித்தார். அந்த ஆளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க. இப்போது அப்பாதான் முதலில் ஏறுகிறார்.

காலை நிகழ்ச்சி எட்வின் சாருக்குப் போனது. என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையையும் பேச விடுங்கள் என்று நேயர்கள் போன் பண்ணிக்கொண்டே இருந்தார்களாம். அதனால் அவருடைய நிகழ்ச்சிக்கு நடுவே எனக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதில் நான் 'இன்றைய மின்தடைப் பகுதிகள்' வாசிக்கிறேன். இப்போது கவனித்து வாசிக்கிறேன். ஸ்டூடியோவில் எதிரே அவர் உட்கார்ந்திருப்பதால் மனதுக்குள் பேசுவதைக்கூட உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். ஏசி இன்னும் போடவில்லை.

குடும்பம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. போன தை மாதம் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். அவள் என் வயதுதான். என்னோடு படித்து, என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கி, சிங்கப்பூர் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி கட்டுகிற அந்த நேரத்தில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபமே திரும்பி என் வாயைப் பார்த்தது. மாமா வீடியோக்காரரிடம் சொல்லி ஒரு கேமராவை எனக்கென்றே நிறுத்தியிருந்தாராம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்தக் கல்யாண வீடியோவை எங்கள் வீட்டில் இன்றைக்கும் போடுகிறார்கள். தாலி கட்டுவதை ஓட்டிவிட்டு என் வாய் வருகிற இடத்தில் நிறுத்துவார்கள். அப்பா ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார். அம்மா எல்லோரையும் கையமர்த்தி, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எம் பிள்ளை வாய் எனக்குத் தெரியாதா. 'கழுத்துல கிடக்குறது பூராம் கவரிங்'ங்கறா பாருங்க" என்பாள்.

நான் சொன்னது அது இல்லை. ஆனால் சொன்னது அதைவிட மோசம் என்பதால், ஆமாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டேன்.